கட்டுச்சோறு: விடியுமுன் எரியும் அடுப்பு

அதிகாலை மூன்றரை மணி. மதுரை வில்லாபுரம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் தெருவே தூங்குகிறது. ஒரு வீட்டு அடுப்படியில் மட்டும் வெளிச்சம். வடித்த சோற்றைப் பெரிய தாம்பாளத்தில் கொட்டி, கரண்டிக் காம்பால் கீறிக் கீறி ஆறவிட்டிருக்கிறார்கள். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. நல்லெண்ணெயைச் சுற்றிலும் விட்டு, மஞ்சள்பொடி தூவி, நேற்று ராத்திரியே காய்ச்சி வைத்த புளிக்காய்ச்சலை அள்ளிப் போட்டுக் கையாலேயே பிசைகிறார் அந்த வீட்டு அம்மா. பருக்கை உடையக் கூடாது. பக்கத்தில் அவருடைய மதினி வாழை இலையைத் தணலில் காட்டி வாட்டுகிறார். பச்சை மாறாமல், நரம்பு மட்டும் தளர்ந்து, பளபளப்பு ஏறும்போது எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் இலையில் ஓட்டை. அவசரப்பட்டால் மடிக்கும்போது கிழியும்.

"தண்ணி கேனை ஏத்தியாச்சா?"

"பிள்ளைய எழுப்பிவிடு மதினி, குளிக்க வைக்கணும்."

"அப்பத்தாவுக்கு உப்பு, காரம் கம்மியா தனியா எடுத்து வச்சியா?"

ஐந்து மணிக்கு வேன் கிளம்பியாக வேண்டும். திருச்செந்தூர் பயணம். மூன்று தலைமுறை, பன்னிரண்டு பேர். வேனின் ஓட்டுநர் தெருமுனையில் ஸ்டியரிங் மேல் தலை சாய்த்துக் கிடக்கிறார். வீட்டு ஆண்கள் இப்போதுதான் புரண்டு படுக்கிறார்கள்.

கோடை விடுமுறையும் சித்திரைத் திருவிழாவும் ஒட்டி வரும் நாட்களில் மதுரையின் தென்பகுதியில் எந்தத் தெருவில் நின்றாலும் இப்படி ஒரு வீட்டைப் பார்க்கலாம். வழியில் ஓட்டலுக்கா பஞ்சம்? நான்குவழிச் சாலை நெடுக பெயர்ப் பலகைகள் கூப்பிடுகின்றன. ரயிலில் உட்கார்ந்த இடத்துக்கே சாப்பாடு வரவழைக்கலாம். இருந்தாலும் பயணம் முடிவான மறுநிமிடம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டை தொடங்கிவிடும். "வழியில பார்த்துக்கலாம்" என்று ஒரு கட்சி, "கட்டிட்டே போயிரலாம்" என்று ஒரு கட்சி. பன்னிரண்டு பேர் ஓட்டலில் உட்கார்ந்து எழுந்தால் என்ன பில் வரும் என்று யாராவது ஒருவர் கணக்குப் போட்டதும் இரண்டாவது கட்சி ஜெயித்துவிடும். ஜெயித்த கட்சியில் பேசிய பாதிப் பேர் அடுப்படிப் பக்கம் போகாதவர்கள் என்பது தனிக் கதை. அதற்குப் பின்னால் வருவோம்.

வண்டி, சத்திரம், ரயில்

மதுரைக்குக் கட்டுச்சோறு புதிதல்ல. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க நாட்டுப்புறத்திலிருந்து கூட்டு வண்டிகளில் வந்தவர்கள், அரிசி பருப்போடு புளிச்சோற்று மூட்டையையும் கட்டிக்கொண்டு வந்து வைகைக் கரையில் தங்கினார்கள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரம், 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணியின் பெயரை இன்றும் சுமக்கிறது. வழிப்போக்கர் இறங்கி, குளித்து, சமைத்துச் சாப்பிட்டுப் போக ஏற்பட்ட இடங்கள் இந்தச் சத்திரங்கள். 1875இல் திருச்சியிலிருந்து ரயில் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி வரை ரயிலிலும் அங்கிருந்து கப்பலிலும் இலங்கைக்கே போக முடிந்தது. 1977 ஆகஸ்ட் 15இல் வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கிய பிறகு, காலையில் மதுரையில் ஏறியவர் பகலிலேயே சென்னையில் இறங்கினார். ஒரு வேளைச் சோறு கட்டினால் போதும் என்றாயிற்று.

இந்த வரலாற்றை அம்மா கைமணம், அன்பு என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. அந்தக் காலத்தில் பலர் சோறு கட்டிக்கொண்டு போனதற்குப் பிறர் கைச் சமையலைத் தொடக் கூடாது என்ற சாதிக் கட்டும் ஒரு காரணம். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலேயே 'பிராமணாள்', 'இதராள்' என்று தனித்தனி இடம் இருந்தது. பெரியாரும் அவர் இயக்கத்தினரும் தொடர்ந்து எதிர்த்ததன் பலனாக 1941இல் ரயில்வே அந்தப் பிரிவினையைக் கைவிட்டது. இன்று எதிர் இருக்கைக்காரர் நீட்டும் இட்லியைக் கூசாமல் வாங்கிக்கொள்கிறோமே, அதற்குப் பின்னால் அப்படியொரு சண்டை நடந்திருக்கிறது.

2010 கடைசியில் நின்றுபோன போடி ரயில், அகலப்பாதையில் 2022இல் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் திரும்ப ஓடத் தொடங்கியது. மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டே போகும் அந்தப் பாதையில் உசிலம்பட்டி தாண்டுவதற்குள் பொட்டலம் பிரியும் சத்தம் கேட்டுவிடும். பசியே இருக்காது. ஆனாலும் ரயில் நகர்ந்தால் வாய் நமநமக்கிறது. இதற்கு மருத்துவர்கள் ஏதாவது பெயர் வைத்திருக்கக்கூடும்.

புளி செய்யும் வேலை

கட்டுச்சோற்றில் புளியோதரை முதலிடம் பிடித்ததற்கு ருசி மட்டும் காரணமில்லை. சோறு கெடும் விதத்தைப் பார்த்தால் விளங்கும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். உலை கொதிப்பதால் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தியைக் கொண்டுவரும் அந்த நஞ்சு சூடு தாங்கும். அதனால் 'திரும்பச் சுட வைத்துக் கொடுத்துவிட்டேனே' என்பது இங்கே செல்லாது.

புளியின் அமிலத்தில் இந்தக் கிருமி எளிதில் பெருகாது. புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை கொதிக்கவிடும்போது நீர் வற்றுகிறது. உப்பு கூடுகிறது. சோற்றை ஆறவைத்துப் பிசைவதால் பொட்டலத்துக்குள் ஆவி வேர்த்து நீராவதில்லை. நுண்ணுயிரியலைப் படிக்காத அப்பத்தாக்கள் கண்டுபிடித்த முறை இது. மதுரையில் சௌராஷ்டிர வீடுகளின் புளியோதரைக்குத் தனி மதிப்பு உண்டு. அந்த வீடுகளில் பெண்ணோ பிள்ளையோ சிநேகிதமாக இருந்தால், பயணத்துக்கு முந்தின நாள் எப்படியாவது பேச்சை அந்தப் பக்கம் திருப்பிவிடுவது ஊர் வழக்கம்.

தயிர்ச்சோற்றின் சூட்சுமம் வேறு. வீட்டிலேயே தயிரை ஊற்றிப் பிசைந்தால் மத்தியானத்துக்குள் புளித்து மூக்கைத் துளைக்கும். அதனால் சோற்றைக் குழைய வடித்து, மசித்து, ஆறிய பாலை நிறைய விட்டு, ஒரே ஒரு கரண்டி தயிரை உறையாகச் சேர்க்கிறார்கள். வண்டி அருப்புக்கோட்டை, எட்டயபுரம் என்று ஓட ஓட உள்ளே பால் தயிராகிக்கொண்டே வரும். தூக்கைத் திறக்கும் நேரமும் பதமாகத் தோயும் நேரமும் ஒன்றாக அமைய வேண்டும். எத்தனை மணிக்குச் சாப்பிடுவோம், வெயில் எப்படி என்பதைப் பார்த்துத்தான் உறையின் அளவு. வெயில் ஏறிய சித்திரையில் அரைக் கரண்டியே அதிகம்.

ஊரைச் சுற்றி இன்னொரு பாடமும் கிடைக்கிறது. அழகர்கோவில் பிரசாத தோசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தொலி போக்காத உளுந்தும் பச்சரிசியும் கரகரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, நெய்யில் வேகவைத்த தடித்த தோசை. ஈரம் குறைவு, நெய் அதிகம். நாலு நாள் ஆனாலும் ஒன்றும் ஆகாது. மலையடிவாரத்திலிருந்து வீடு திரும்பும் பக்தருக்காகவே உருவான பலகாரம் என்று சொல்லத் தோன்றும்.

கெடாமல் கட்ட
சோறு நன்றாக ஆறிய பிறகே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்துக் கெடும்.
தேங்காய் சேர்த்தது எதுவானாலும் காலைச் சாப்பாட்டோடு தீர்த்துவிட வேண்டும். தேங்காய்ச் சட்னி வேண்டாம். மிளகாய்ப்பொடியைக் குழைத்து இட்லியின் இரு பக்கமும் தடவிவிட்டால் மதியம் தாண்டியும் நிற்கும்.
எலுமிச்சைச் சோறு மதியம் வரை. புளியோதரை இரவு வரை. கறி, முட்டைக் குழம்பு போன்றவற்றைக் கோடையில் கட்டாமலிருப்பதே நல்லது. அவித்த முட்டையை ஓட்டோடு கொண்டு போகலாம்.
ஒரே பெரிய தூக்கில் அடைக்காமல் வேளைக்கு ஒன்றாகப் பிரித்துக் கட்டினால், கை பட்டது அந்த வேளையோடு முடிந்துவிடும்.

கறி கொண்டு போகும் வழி

சைவக் கட்டுச்சோறு ஒரு பக்கம். குலதெய்வக் கோயில் பயணம் இன்னொரு உலகம். அங்கே அண்டா, அடுப்பு, விறகு, ஆடு எல்லாமே வண்டியேறும். வில்லாபுரத்திலிருந்து உசிலம்பட்டிப் பக்கமோ, திருமங்கலம் பக்கமோ, கமுதிப் பக்கமோ போகும் குடும்பங்கள் பொங்கல் வைத்துக் கிடா வெட்டிப் பங்காளிகளுக்குப் பந்தி போட்டுத் திரும்புகின்றன. சில கோயில்களில் சமைத்ததை அங்கேயே தின்று தீர்க்க வேண்டும். எல்லை தாண்டி ஒரு துண்டு வரக் கூடாது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் அந்தக் கட்டுப்பாடு எத்தனை வயிற்றைக் காப்பாற்றியிருக்கும்! கொண்டு போகலாம் என்கிற இடத்திலும் உச்சிப் பொழுதிலோ இருட்டிலோ கறித்தூக்கு போனால், மேலே ஓர் அடுப்புக்கரித் துண்டை வைத்து அனுப்பாமல் அம்மாச்சிகள் விடமாட்டார்கள். காத்து கருப்பு அண்டாதாம். கார் ஏசியில் போகும் தூக்கின் மூடியிலும் கரித்துண்டு கிடப்பதை இன்றும் பார்க்கலாம்.

திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டியின் கதை இதைவிடப் பெரிது. அந்த ஊரிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள் ஊர்த் தெய்வத்தின் பெயரில் திறந்தவைதான் முனியாண்டி விலாஸ் ஓட்டல்கள். முதல் கடை 1937இல் காரைக்குடியில். ஆண்டுதோறும் தை மாதத்தில் பல ஊர்களிலிருந்து ஓட்டல்காரர்கள் ஊர் திரும்பி, முனியாண்டிக்குப் படைத்து, விடிய விடியப் பிரியாணி சமைத்து வருகிற அத்தனை பேருக்கும் வழங்குகிறார்கள். வெளியூர்க்காரர்கள் பாத்திரத்தோடு வந்து வரிசையில் நிற்பார்கள். ஊரார் எங்கெங்கோ போய் அடுப்பு மூட்டிச் சம்பாதித்ததில் ஒரு பங்கு ஊருக்கே சோறாகத் திரும்புகிறது.

அன்னதானத்துக்கும் சீட்டு

பகிர்ந்துண்ணும் வழக்கத்தின் உச்சம் சித்திரையில்தான். அழகர் மலையிலிருந்து இறங்கிக் கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி வழியாகத் தல்லாகுளம் வந்து சேர்வதற்குள் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். பாதை நெடுக நீர்மோர், பானகம், பொங்கல், தக்காளிச் சோறு. மீனாட்சி திருக்கல்யாணத்துக்குச் சேதுபதி மேல்நிலைப் பள்ளியில் கல்யாண விருந்தே நடக்கிறது. சாப்பிட்டவர்கள் மொய் எழுதிவிட்டுப் போகிறார்கள். பாரதி 1904இல் தமிழாசிரியராக இருந்த அதே பள்ளி.

இங்கேதான் நிலைமை மாறியிருக்கிறது. திருவிழாவில் அன்னதானம் கொடுப்பவர்கள் இப்போது உணவுப் பாதுகாப்புத் துறையில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். எங்கே சமைக்கிறோம், என்ன கொடுக்கிறோம், பிளாஸ்டிக் கோப்பை உண்டா என்றெல்லாம் கேள்வி. "புண்ணியத்துக்குக் குடுக்குறதுக்குக் கூடவா சீட்டு?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே அண்டாவிலிருந்து சாப்பிடும்போது, அந்த அண்டா எந்தத் தண்ணீரில் கழுவப்பட்டது என்று யாராவது ஒருவர் கேட்டுத்தானே ஆக வேண்டும்? பதிவு இருந்தால் தவறு நடந்த இடத்தை அன்றைக்கே பிடித்துவிடலாம். இந்த விஷயத்தில் அதிகாரிகள் பக்கம்தான் நிற்கத் தோன்றுகிறது.

தண்ணீர் என்றதும் வில்லாபுரத்தில் ஒரு பெயரைச் சொல்லாமல் போக முடியாது. இந்தப் பகுதிக்குக் குடிநீர் கொண்டுவரப் போராடிய மாமன்ற உறுப்பினர் லீலாவதி, 1997 ஏப்ரல் 23 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். குழாயைத் திறந்து உலை வைக்கும் வீடுகளில் அந்தப் பெயரை நினைவு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

2023 ஆகஸ்ட் 26

சமையலும் பயணமும் சேரும்போது எவ்வளவு கொடுமையாக முடியக்கூடும் என்பதை மதுரை தன் கண்ணாலேயே பார்த்தது. லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்களின் தனிப் பெட்டி அது. ஆகஸ்ட் 17இல் கிளம்பி, பல தலங்களைப் பார்த்துவிட்டு, நாகர்கோவிலிலிருந்து மதுரைக்கு வந்தது. ரயிலிலிருந்து கழற்றித் தனித் தடத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. விடியற்காலை ஐந்து மணியைத் தாண்டிய நேரம். விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த எரிவாயு சிலிண்டரில் தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தபோது தீ பிடித்தது. ஒன்பது பேர் உயிரிழந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர்கள் செய்ததும் நம் வேன்காரர்கள் செய்வதும் ஒன்றேதான். பழக்கமில்லாத ஊர், ஒத்துக்கொள்ளாத காரம், வயதானவர்கள், பல நாள் பயணம். வீட்டுச் சாப்பாடு வேண்டும் என்ற ஆசையில் அரிசி, பருப்பு, பாத்திரம், விறகு வரை பெட்டியில் ஏற்றியிருந்தார்கள். வீட்டு சிலிண்டரை இருக்கைக்கு அடியில் படுக்கவைத்துக்கொண்டு ராமேஸ்வரமும் வேளாங்கண்ணியும் போய்வரும் வேன்கள் நம் ஊரிலும் நிறைய உண்டு. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. வண்டியின் தரையோடு தேங்கி நிற்கும். கண்ணாடியை ஏற்றி ஏசி போட்ட வேனில் ஒரு தீக்குச்சி போதும்.

ரயிலில் தீப்பற்றும் பொருளைக் கொண்டு போனால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவு பாயும்: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய் என்ற அந்தத் தொகை இன்றைக்கு யாரை அச்சுறுத்தும் என்பது தெரியவில்லை. சமைக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கு வழி, இறங்குகிற இடத்தில் சமையற்கூடம் உள்ள சத்திரமோ மண்டபமோ பார்ப்பது. மங்கம்மாள் காலத்து யோசனைதான்.

அந்த அளவுக்குப் பெரிதாகத் தெரியாத இன்னொரு மாற்றமும் ரயிலில் நடந்திருக்கிறது. 'முன்பின் தெரியாதவர் கொடுக்கும் உணவை வாங்கிச் சாப்பிடாதீர்கள்' என்று நிலையங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். மயக்க மருந்து கலந்த பிஸ்கட்டைக் கொடுத்து நகை, பணம் பறித்த சம்பவங்கள் பல நடந்ததால் வந்த எச்சரிக்கை. நியாயமானதுதான். ஆனால் "ஒரு வாய் சாப்பிடுங்கம்மா" என்று நீளும் கையை, "இப்பத்தான் சாப்பிட்டோம்" என்று பொய் சொல்லித் தட்டிவிட்டு, பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும் சங்கடம் இருக்கிறதே! சாதிக்காகக் கை நீட்டாத காலம் போய், பயத்துக்காகக் கை நீட்டாத காலம் வந்திருக்கிறது. மதுரைப் பெண்கள் சிலர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எதிரே இருப்பவர் பார்க்க ஒரே தூக்கிலிருந்து தன் பிள்ளைக்கு முதலில் ஊட்டிவிட்டு, பிறகு நீட்டுவது.

அவனியாபுரம் தாண்டிப் போகும் அட்டைப் பெட்டிகள்

வில்லாபுரத்தைக் கடந்து அவனியாபுரம், மண்டேலா நகர் வழியாக விமான நிலையம் போகும் சாலையில், கார்களின் கூரையில் அட்டைப் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். கொழும்பு, துபாய், சிங்கப்பூர் போகிறவர்களின் பெட்டிகள். உள்ளே பாதிக்கு மேல் அடுப்படி: மிளகாய்ப்பொடி, பருப்புப்பொடி, சாம்பார்ப்பொடி, நார்த்தங்காய், மாவடு, அதிரசம், முறுக்கு, சீடை. எடை மெஷினில் ஏற்றி இறக்கி, ஊறுகாயை எடுத்தால் முறுக்கு போகும், முறுக்கை எடுத்தால் ஊறுகாய் போகும் என்று வீட்டிலேயே ஒரு பேரம் நடந்து முடிந்திருக்கும். அப்படியும் நிலைய வாசலில் ஒரு பெட்டியைப் பிரித்து இரண்டு பாட்டிலை வெளியே எடுத்து, வழியனுப்ப வந்த தங்கை கையில் திணித்துவிட்டுப் போகிறவர்களை எந்த நாளும் பார்க்கலாம்.

எடையைவிடப் பெரிய சிக்கல் கசகசா. குருமாவைக் கெட்டியாக்க நாம் அள்ளிப் போடுகிற சரக்கு, அபினிச் செடியின் விதை. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அதற்குத் தடை. பொட்டலமாக வைக்காவிட்டாலும், வீட்டில் அரைத்த கறிமசாலாவில் கலந்திருந்தால் அதுவும் சிக்கல்தான். மகனுக்கு மசாலா அரைத்துக் கொடுக்கும் அம்மாவுக்கு இது தெரிய வழியில்லை. பயண முகவர்கள் டிக்கெட்டோடு ஒரு துண்டுச் சீட்டில் இதை அச்சிட்டுக் கொடுத்தால் என்ன?

பெட்டிக்குள் போகாதவை
கொப்பரைத் தேங்காய்: எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால் 2022 முதல் இந்திய விமானங்களில் ஒப்படைக்கும் பெட்டியில் அனுமதியில்லை.
ஊறுகாய், நெய்: கைப்பெட்டியில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். நீர்மப் பொருளுக்கு 100 மில்லிதான் உச்சவரம்பு. ஒப்படைக்கும் பெட்டியில், கசியாமல் கட்டி வைக்கலாம்.
கசகசா, அது கலந்த பொடி: வளைகுடா, சிங்கப்பூர்ப் பயணம் என்றால் வேண்டவே வேண்டாம்.
உப்புக்கண்டம், கருவாடு, பால்கோவா: ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் இறைச்சி, பால் பொருட்களுக்குக் கெடுபிடி அதிகம். எந்த உணவானாலும் நுழைவுப் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். எழுதினால் அதிகம் போனால் பொருள் போகும், மறைத்தால் அபராதம்.

யாருடைய தூக்கம்?

பயணம் போய்வந்த படங்களை எடுத்துப் பாருங்கள். கடற்கரையில், அருவியில், கோபுர வாசலில் எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். சோறு கட்டியவர் பெரும்பாலான படங்களில் கண் சொக்கிப்போய் இருப்பார், இல்லையென்றால் வண்டிக்குள் பாத்திரத்தை ஒழுங்கு செய்துகொண்டிருப்பார். முந்தின நாள் சந்தை, ராத்திரி பத்து மணி வரை புளிக்காய்ச்சல், மறுபடி மூன்று மணிக்கு உலை. வண்டியில் ஏறியதும் எல்லாருக்கும் விடுமுறை தொடங்குகிறது. அவருக்குப் பரிமாறுகிற வேலை தொடங்குகிறது. திரும்பி வந்த இரவில் எண்ணெய்ப் பிசுக்கேறிய தூக்குகள் யாருக்காகக் காத்திருக்கும் என்று கேட்கவே வேண்டாம்.

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்கு எண் கொடுத்திருக்கிறது. வீட்டு வேலை செய்கிற பெண்கள் 2019இல் அதற்குச் செலவிட்டது நாளுக்கு 299 நிமிடம். ஆண்கள் 97. அடுத்த கணக்கெடுப்பு 2024இல். பெண்கள் 289, ஆண்கள் 88. ஐந்து ஆண்டில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆண்களும் தங்கள் பங்குக்கு ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டு சரிக்குச் சரி செய்துவிட்டார்கள்!

இத்தனைக்கும் இந்த ஊர் ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாதா? கிடா வெட்டில் அண்டாவைக் கிளறுவது யார்? முனியாண்டி விலாஸ் அடுப்பில் நின்றது யார்? திருமங்கலம் பக்கத்துக் கோயில்களில் ஆண்களே சமைத்து ஆண்களே சாப்பிடும் விழாவும் நடக்கிறது. ஊர் கூடினால் கரண்டி ஆணின் கையில். வீட்டு அடுப்பென்றால் சட்டென்று மறந்துவிடும். சாப்பிட ஆயிரம் பேர் இருந்தால் சமையல் வீரம், ஆறு பேர் இருந்தால் அது வேலை.

மாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் வேலைக்குப் போகும் இளம் தம்பதியிடமிருந்து. முழுக் கட்டுச்சோற்றை விட்டுவிட்டு, ஒரு வேளை மட்டும் கட்டுகிறார்கள். காலை இட்லி வீட்டிலிருந்து, மதியம் ஓட்டலில். அல்லது பொறுப்பைப் பிரித்துக்கொள்கிறார்கள்: புளியோதரை மாமியார் வீடு, தயிர்ச்சோறு அம்மா வீடு, வடை கடையில், இலை வாட்டுவது மருமகன். மாமியார்கள் ஆரம்பத்தில் முனகுகிறார்கள். வேனில் ஏறி உட்கார்ந்து, தாங்களும் சன்னலோரம் பிடித்து வேடிக்கை பார்த்த பிறகு அந்த முனகல் அவ்வளவாகக் கேட்பதில்லை.

பொட்டலம் ஒன்று என்ன விலை?

வேறு சில வீடுகள் கட்டுச்சோற்றை விலைக்கு வாங்கத் தொடங்கிவிட்டன. குடியிருப்புப் பகுதிகளில் வாட்ஸ்அப் குழு வழியாக ஆர்டர் எடுத்து, அதிகாலையில் பொட்டலம் கட்டித் தரும் பெண்கள் இருக்கிறார்கள். புளிக்காய்ச்சலை மட்டும் பாட்டிலில் அடைத்து விற்பவர்களும் உண்டு. சோற்றை வடித்துப் பிசைந்துகொள்வது வாங்குபவர் பொறுப்பு. முதலீடாக வீட்டு அடுப்பு போதும். வீட்டிலிருந்து விற்பதற்கும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு அவசியம். சிறு தயாரிப்பாளர்களுக்கு அதற்கான கட்டணம் சொற்பம்தான். பலர் பதிவு செய்யாமலிருப்பதற்குக் கட்டணம் காரணமில்லை. வீட்டுச் சமையலுக்கு லைசென்ஸா என்ற கூச்சமும், இணையத்தில் விண்ணப்பிக்கப் பக்கத்து வீட்டுப் பையனைப் பிடிக்க வேண்டியிருப்பதும்தான்.

விலை வைப்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். அரிசி, புளி, நல்லெண்ணெய், கடலை, இலை, நூல், எரிவாயு என்று நோட்டில் வரிவரியாக எழுதிக் கூட்டுகிறார்கள். மேலே கொஞ்சம் லாபம் வைக்கிறார்கள். "மூணு மணிக்கு எந்திரிச்சதுக்கு எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டால் சிரிப்புதான் வருகிறது. "அது எப்பவும் எந்திரிக்கிறதுதானேங்க." வாடிக்கையாளரும் அதே கணக்கில்தான் பேரம் பேசுகிறார்: வீட்டில் செய்ததுதானே, ஓட்டல் விலை எதற்கு? ஓட்டலில் சமைப்பவருக்குச் சம்பளம் உண்டு என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை.

சித்திரை நெருங்க நெருங்க ஆர்டர்கள் குவியும். அனுபவப்பட்டவர்கள் சிலர் இரண்டு விதி போட்டிருக்கிறார்கள். முன்பணம் இல்லாமல் அடுப்பு பற்றாது. முந்தின நாள் மாலைக்குப் பிறகு வரும் ஆர்டருக்கு, சொந்த அக்கா மகளே கேட்டாலும், பொட்டலத்துக்குப் பத்து ரூபாய் கூட.